நாற்பத்தெட்டு இலக்கச் சாவி

2006 மே மாதம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஓர் அரசு ஊழியரின் வீட்டில் திருட்டு நடந்தது. முன்னாள் படைவீரர் நலத்துறையில் வேலை பார்த்த அவர், அலுவலகத் தரவுகளை வீட்டுக்கு எடுத்துவந்து வேலை செய்துகொண்டிருந்தார். களவுபோனவற்றில் ஒரு லேப்டாப்பும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. சுமார் 2 கோடியே 65 லட்சம் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் அவற்றோடு போய்விட்டன. எதுவுமே குறியாக்கம், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி உருமாற்றம், செய்யப்படவில்லை.

அடுத்த மாதக் கடைசியில் பொருள்கள் திரும்பக் கிடைத்தன. யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை என்றது எஃப்பிஐ. ஆனாலும் இதுபற்றித் தொடுக்கப்பட்ட வழக்கு ஓயவில்லை. 2009-இல் 2 கோடி டாலர் கொடுத்து அரசு சமரசம் செய்துகொண்டது.

"நம் லேப்டாப்பில்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே" என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். குறியாக்கம் இல்லாத கணினியில் அந்தப் பாஸ்வேர்டு, பின்சுவர் இல்லாத வீட்டின் முன்கதவுப் பூட்டுதான். நாலு திருகைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்து வேறொரு கணினியில் மாட்டினால் போதும். ஆதார் நகல், வருமான வரிக் கணக்கு, கல்யாணப் படங்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். விண்டோஸ் பாஸ்வேர்டை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

இதற்கு மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த மருந்து, டிஸ்க்கையே குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர். விண்டோஸ் விஸ்டா காலத்தில் அது விலை உயர்ந்த பதிப்புகளுக்கு மட்டுமே கிடைத்தது. ஹோம் பதிப்புக்காரர்களுக்கு அதன் எளிய வடிவமான 'டிவைஸ் என்கிரிப்ஷன்' விண்டோஸ் 8.1-இல்தான் வந்தது. 2024-இல் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து நிலைமை தலைகீழ். புதிய கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தால், பெரும்பாலும் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டுவிடும். நல்லதுதான். ஆனால் தன் வீட்டில் பூட்டு மாட்டியிருப்பதே தெரியாதவர்கள் இதனால் பெருகியிருக்கிறார்கள்.

அன்றாடம் இந்தப் பூட்டு கண்ணில் படுவதில்லை. மதர்போர்டில் டிபிஎம் என்றொரு சிப் இருக்கிறது. கணினி எழும்போது எல்லாம் வழக்கம்போல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சாவியை அதுவே கொடுத்துவிடும். ஏதாவது மாறியிருந்தால் கொடுக்காது. பயாஸ் அப்டேட் செய்தாலும் சில சமயம் முரண்டுபிடிக்கும். ரிப்பேர் கடையில் மதர்போர்டை மாற்றினாலோ பழைய சிப்பே போய்விட்டது. அப்போது நீலத்திரையில் கணினி ஒரே ஒரு கேள்வி கேட்கும்: ரெக்கவரி கீ எங்கே? அது 48 இலக்க எண், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. தொலைந்த சாவியைத் திரும்ப உருவாக்கித் தர தன்னால் முடியாது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. திருடனுக்குத் திறக்காத டிஸ்க், உரியவருக்கும் திறக்காது.

2024 ஜூலை 19 அன்று இதை உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பழுதை நீக்குவது பெரிய வித்தையல்ல. சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் பிட்லாக்கர் போட்ட கணினிகளில் அதற்கே 48 இலக்கம் கேட்டது. தனித்தனித் தொழில்நுட்பக் குழுக்கள் வைத்திருந்த நிறுவனங்களே விழிபிதுங்கின.

வீடுகளில் சங்கதி இன்னும் மோசம். தானாகப் பூட்டும் விண்டோஸ், ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேர்த்துவைக்கும். அந்தக் கணக்கு யாருடையது என்பதில்தான் சிக்கல். கணினி வாங்கிய அன்று அவசரத்தில் கடைப்பையனோ அண்ணன் மகனோ ஏதோ ஒரு மின்னஞ்சலைத் தட்டி உள்ளே போயிருப்பார்கள். அதன் பாஸ்வேர்டு இன்று யாருக்கும் நினைவிருக்காது.

சாவியை நிறுவனத்திடம் விட்டுவைப்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நிறுவனத்திடம் இருப்பதை நீதிமன்ற ஆணை கேட்கலாம். செய்தியாளர்களும் வழக்கறிஞர்களும் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு அரசாங்கத்தைவிட மறதிதான் பெரிய ஆபத்து.

மேக் கணினியில் இந்த வேலையை ஃபைல்வால்ட் செய்கிறது. 2011 முதல் அது முழு டிஸ்க்கையும் பூட்டுகிறது. லினக்ஸில் லக்ஸ் என்ற ஏற்பாடு உண்டு. நிறுவும்போதே அதைத் தேர்ந்தெடுத்துவிடுவது உத்தமம். எதுவானாலும் ஒன்றை மறக்கக்கூடாது: இவை அணைந்துகிடக்கும் கணினிக்கான காவல். நீங்களே திறந்து உட்கார்ந்திருக்கும்போது புகும் வைரஸையோ, தவறான ஆளுக்கு வாட்ஸ்ஆப்பில் போன பான் அட்டையையோ இவை தடுக்காது. டிஸ்க்கே செத்துப்போனால் காப்புநகல் ஒன்றுதான் கைகொடுக்கும்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போய், டிவைஸ் என்கிரிப்ஷன் போட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். போட்டிருந்தால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த 48 இலக்கத்தை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையில் மட்டும் வைக்காதீர்கள்.