குள்ளர் வீடும்... குட்டி வீடும்!

ஜவ்வாது மலை என்றதும் ஆளுக்கொன்று நினைவுக்கு வரும். சிலருக்குக் காவலூர் தொலைநோக்கி, சிலருக்கு பீமன் அருவி, சிலருக்கு மலைத்தேனும் சாமை அரிசியும். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்துகிடக்கும் அந்த மலையில் இன்னொன்றும் இருக்கிறது. யாருமே குடியிருக்காத குட்டிக் குட்டிக் கல்வீடுகள்!

ஜமுனாமரத்தூர் பக்கம், கீழ்சேப்பிளி குன்றில் ஏறினால் அவற்றைப் பார்க்கலாம். பலகை போன்ற கற்களைச் சுற்றிலும் நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட வீடுகளில் சிலவற்றின் முகப்புக் கல்லில் வட்டமாக ஒரு துளையும் இருக்கும். உள்ளே போக வேண்டுமென்றால் பெரியவர்கள் குனிய வேண்டும், அல்லது தவழ வேண்டும். மலைமக்கள் இவற்றை ‘வாலியர் வீடு’ என்பார்கள். ‘குள்ளர் வீடு’ என்றும் சொல்வதுண்டு. ஒரு காலத்தில் குள்ள மனிதர்கள் அங்கே வாழ்ந்தார்கள், தங்கள் உயரத்துக்கு ஏற்ற மாதிரி வீடு கட்டிக்கொண்டார்கள் என்பது கதை.

தொல்லியல் சொல்வது வேறு. இவை கற்திட்டைகள். இரும்புக்கால மக்கள், இறந்துபோன தங்கள் மனிதர்களுக்காக எழுப்பிய ஈமச்சின்னங்கள். வயது 2,000 ஆண்டுகளுக்கும் மேல். முகப்பில் உள்ள துளைக்கு ‘இடுதுளை’ என்று பெயர்.

ஆச்சரியம் என்னவென்றால், கர்நாடகாவில் கொப்பள் மாவட்டத்தின் ஹிரேபெணகல் குன்றிலும் இதே போன்ற கல்வீடுகள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. அங்கேயும் இதே கதைதான். ‘மோரியர்’ என்ற குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடுகளாம் அவை.

இரண்டு மலைகள், இரண்டு மொழிகள், ஒரே கதை. காரணம் எளிது. கட்டியவர்கள் போய்விட்டார்கள். எதற்காகக் கட்டினார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. சின்ன வீட்டைப் பார்த்த மனிதமனம் சும்மா இருக்குமா? அதற்கு ஏற்ற அளவில் ஆட்களைப் படைத்து, உள்ளே குடிவைத்துவிட்டது. சொல்ல ஆள் இல்லாத வீட்டுக்குக் கதைதான் குடிவரும்.

இதே மனசுதான் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்களைக் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார வைத்திருக்கிறது. பொம்மை வீடு கட்டுவதும், அதற்குள் கட்டில், அலமாரி, அடுப்பு, பாத்திரம் என்று குட்டிச் சாமான்கள் செய்து அடுக்குவதும் பலருக்கு வாழ்நாள் பொழுதுபோக்கு. ‘மினியேச்சர்’ என்று சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

உங்கள் கையில் ஒரு கதவு

இந்தக் கலையில் பரவலாகப் புழங்கும் அளவு பன்னிரண்டில் ஒன்று. அதாவது, நிஜத்தில் ஓர் அடி இருப்பது பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். வீட்டு நிலத்தையும் கதவையும் இன்றும் அடிக்கணக்கில் பேசும் நம்மூருக்கு இதைவிட வசதியான கணக்கு கிடையாது.

ஐந்தடி உயர அம்மா ஐந்து அங்குலம் ஆவார். ஒன்பது அங்குலச் சுவர் முக்கால் அங்குலம் ஆகும். 600 சதுர அடி வீடு, 25 அங்குலத்துக்கு 24 அங்குலப் பலகையில் அடங்கிவிடும். இதைப் படிக்கும் ஸ்மார்ட்போனை மேஜைமேல் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஆறரை அங்குல உயரம், மூன்று அங்குல அகலம். அதுதான் அந்த வீட்டின் வாசல் கதவு!

கணக்கு சுலபம். பொருள்கள்தான் அவ்வளவு சுலபமாக வழிக்கு வராது. சாதாரண மணலைக் குழைத்துக் குட்டிச் சுவரில் பூசினால், ஒரு மில்லிமீட்டர் மணல்கூட அந்தச் சுவரில் 12 மில்லிமீட்டர் ஜல்லி போலத் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் மண்ணை மாவு சலிப்பது போலச் சலித்து, பசையோடு குழைத்து, மெல்லிய பூச்சாகப் பூசிக் காயவிட்டு, மறுபடி பூச வேண்டும். ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் காயும்போது வெடித்துவிடும்.

துணி இன்னும் பிடிவாதம் பிடிக்கும். கைக்குட்டையை வெட்டிக் கட்டிலில் விரித்தால், போர்வை தொங்காது. பலகை மாதிரி விறைத்து நிற்கும். துணியின் நீளத்தைக் குறைக்கலாம், நூலின் தடிமனைக் குறைக்க முடியாதே! பலமுறை துவைத்து நைந்துபோன பழைய வேட்டித் துணியைத் தண்ணீர் கலந்த பசையில் நனைத்து, மடிப்புகளைக் கையால் வைத்துக் காயவிடுவதுதான் வழி. வாசல் கோலத்தைக் கோலமாவால் போட்டால் கயிறு போலத் தெரியும். மெல்லிய முனையுள்ள வெள்ளைப் பேனாதான் அதற்குச் சரி.

சமையலறைதான் ஈடுகொடுக்கும் இடம். கடுகு, நெல்லிக்காய் ஆகும். மிளகை உருட்டி வைத்து வண்ணம் தீட்டினால் ஆரஞ்சுப்பழம். சின்னச் சுண்டைக்காய் தேங்காய்க்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். பூந்துடைப்பத்தின் மெல்லிய நுனிகளைச் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி அடுக்கினால் புல் கூரை தயார்.

வீடு எரிந்தது... பட்டியல் பிழைத்தது

ஐரோப்பாவில் பதிவாகியிருக்கும் ஆரம்பகாலப் பொம்மை வீடுகளில் ஒன்று, பவேரியா கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1550-களின் கடைசியில் செய்வித்தது. அது 1674-ல் தீயில் அழிந்துபோனது. ஆனாலும் அதற்குள் என்னென்ன இருந்தன என்பது இன்றும் தெரியும். 1598-ல் அதன் அறைகளையும் பொருள்களையும் ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்திருந்தார். வீடு போனது, பட்டியல் பிழைத்தது.

மிகப் பிரபலமான பொம்மை வீடு இங்கிலாந்து ராணி மேரிக்காகக் கட்டப்பட்டது. 1924-ல் முடிந்த அதை வடிவமைத்தவர் எட்வின் லுட்யன்ஸ். ஆம், டெல்லியில் இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையைக் கட்டிய அதே லுட்யன்ஸ்தான். உலகின் பிரமாண்டமான மாளிகைகளில் ஒன்றை டெல்லியில் எழுப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் இன்னோர் அரண்மனையையும் அவர் கட்டினார். 1,500-க்கும் மேற்பட்ட கலைஞர்களும் கைவினைஞர்களும் நிறுவனங்களும் அதற்கு உழைத்தார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், லிஃப்ட் ஏறி இறங்கும். விண்ட்சர் கோட்டையில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

அரண்மனை ஒரு பக்கம் இருக்கட்டும். அமெரிக்காவின் ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்ற பெண்மணி 1940-களில் செய்த குட்டி அறைகள் வேறு ரகம். அவை மர்ம மரணங்கள் நடந்த இடங்கள்! போலீஸாருக்கு விசாரணைப் பயிற்சி கொடுப்பதற்காக அவர் அவற்றைச் செய்தார். அளவு அதே பன்னிரண்டில் ஒன்றுதான். பொம்மைகளுக்கான காலுறைகளைக் குண்டூசிகளால் பின்னினார். சுவரிலே நாள்காட்டி, அடுப்பிலே பாத்திரம், மூலையிலே அழுக்குத்துணி என்று எதையும் விடவில்லை. அந்த அறைகளில் பல, ஏழை எளியவர்களின் வீடுகள். ஒரு வீட்டில் உண்மையில் என்ன நடந்தது என்பதை அதன் மிகச் சாதாரணப் பொருள்கள்தான் சொல்லும் என்பது அவர் சொல்லிக்கொடுத்த பாடம்.

நம்மூர்ப் பொம்மை வீடு

தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை. கடைசல் மரத்தில் செய்த செப்புச் சாமான் வைத்துச் சோறு பொங்கி விளையாடாத பாட்டிகள் குறைவு. அந்தச் செப்புகளுக்கு அம்பாசமுத்திரம் பேர்போன ஊர். கொலுப்படிக்குப் பக்கத்தில் கல்யாண செட், செட்டியார் கடை, கேழ்வரகோ கடுகோ முளைக்கவிட்டுப் போட்ட பார்க் என்று வருஷாவருஷம் நடப்பதும் மினியேச்சர் கலைதான். பத்து நாளில் பிரித்துப் பெட்டியில் போட்டுவிடுவதால், அதை ஒரு கலை என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது ஜவ்வாது மலைக்கே திரும்பலாம். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய வீடுகள் மண்சுவரும் புல் கூரையும் சாணம் மெழுகிய தரையுமாக இருந்தவை. அவற்றின் இடத்தில் இன்று கான்கிரீட் வீடுகள் எழும்புகின்றன. இதற்கு வருத்தப்படுவது டவுனில் இருப்பவர்களுக்கு எளிது. மழைக்கு ஒழுகும் கூரையை மாற்றிப் புல் வேய்ந்தவர்களுக்கும், ஒரு தீப்பொறிக்குப் பயந்து அடுப்பெரித்தவர்களுக்கும் தெரியும், கான்கிரீட் எத்தனை பெரிய நிம்மதி என்று. பழைய வீட்டை அப்படியே வைத்துக்கொண்டு அதிலேயே வாழுங்கள் என்று அவர்களிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால், வீட்டோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விடுகிறது. அந்த வீட்டில் எப்படி வாழ்ந்தார்கள் என்ற அறிவு. சாமை மூட்டையை எங்கே வைத்தார்கள், முறம் எந்தச் சுவரில் தொங்கியது, மழைக்காலத்துக்கான விறகு எங்கே அடுக்கினார்கள், குழந்தை பிறந்தால் எந்த மூலையில் படுக்க வைத்தார்கள்? இதெல்லாம் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. ஒரு போட்டோவில் முன்பக்கம் மட்டும்தான் தெரியும்.

இது மலையின் கதை மட்டும் இல்லை. மயிலாப்பூர் ஒட்டுக்குடித்தனம், தஞ்சாவூர்ப் பக்கத்து முற்றம் வைத்த வீடு, மில் தொழிலாளர்களின் லைன் வீடு என எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வீட்டை இடித்து அடுக்ககம் கட்டும்போது பங்கு பிரித்துக்கொள்வார்கள், நினைவைப் பிரித்துக்கொள்ள முடியாது.

பொம்மை வீடு இங்கேதான் உதவிக்கு வருகிறது. யாரையும் ஒழுகும் கூரையின் கீழ் வாழச் சொல்லாமல், பழைய வீட்டை மேஜைமேல் வைத்துக்கொள்ளலாம். கட்ட உட்கார்ந்தால், கேள்வி கேட்காமல் முடியாது என்பதுதான் இதன் பெரிய லாபம். “ஆயா, அடுப்பு எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சு?” என்று பேத்தி கேட்டால், ஆயா அடுப்பை மட்டுமா சொல்வார்? அதன் பக்கத்தில் உட்கார்ந்தவர், கரிபிடித்த சுவர், அந்தச் சுவரில் எழுதிய பால் கணக்கு என எல்லாம் வரும். ‘எங்க காலத்துல...’ என்று ஆரம்பித்தாலே போனை எடுத்துக்கொண்டு நழுவும் பிள்ளைகள்கூட, கையில் அளவு நாடாவோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

முழு வீட்டையும் கட்டக் கிளம்ப வேண்டாம். பெரும்பாலானவர்கள் பாதியில் விடுவது அதனால்தான். ஒரே ஓர் அறை போதும். சமையலறை நல்ல தொடக்கம்.

வீடு இன்னும் நிற்கிறது என்றால், முதலில் டேப்பை எடுத்து அளந்துவிட வேண்டும். சுவரின் நீளம், உயரம், தடிமன், ஜன்னல் தரையிலிருந்து எத்தனை அடி, விளக்குமாடம் எங்கே என்பதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். வீடு இல்லை என்றால், அதில் வாழ்ந்த இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இருவரும் சொல்வது ஒத்துப்போகாது. அப்போது அவர்களைச் சேர்த்து உட்கார வைத்தால், வீட்டுக்குள் ஒரு நல்ல சண்டையும், அதன் முடிவில் சரியான படமும் கிடைக்கும்.

அதன்பின் தடித்த அட்டை, ஸ்டீல் ஸ்கேல், கட்டர், பசை இருந்தால் போதும். கட்டர் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். வாயில் போட்டுக்கொள்ளும் வயதுக் குழந்தைகள் இருந்தால், குட்டிச் சாமான்கள் உயரமான அலமாரியில் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. எல்லாவற்றையும் பளபளப்பாகச் செய்யும் ஆசை வரும். நெளிந்த தூக்குவாளி நெளிந்தே இருக்கட்டும். ஒரு கால் உடைந்து செங்கல் முட்டுக்கொடுத்த கட்டில், செங்கல்லோடே இருக்கட்டும். வீட்டுக்கு அடையாளமே அந்தச் செங்கல்தான்.

வேலை முடிந்ததும் அடிப்பலகையின் கீழே ஒரு தாளை ஒட்டலாம். யாருடைய வீடு, எந்த ஊர், எந்த ஆண்டு வரை நின்றது, யார் யார் வாழ்ந்தார்கள், எது எதற்குப் பயன்பட்டது என்று பத்து வரி. அட்டை வீடு எத்தனை வருஷம் தாங்குமோ தெரியாது. பவேரியாவில் பிழைத்ததைப் போல, அந்தப் பத்து வரி பிழைத்தாலும் போதும். கொள்ளுப்பேரன்கள் கதை கட்டிக் குடிவைக்க வேண்டியிருக்காது. குடியிருந்தவர்களின் பேரைச் சொல்லியே கூப்பிடலாம்.