கத்தரிக்கு அடங்காத அழகு

நுகேகொடைச் சந்தடியில் வாழும் நாம் யாழ்ப்பாணச் செம்மறியைக் காண வடக்கே செல்லவேண்டும். பனங்காணிகளில் வெயிலைப் பொருட்படுத்தாது மேயும் அவ்வினத்துக்கு அடர்ந்த கம்பளியில்லை, குறுமயிரே உண்டு.

கம்பளியாடுகளுக்குப் பேர்போன இங்கிலாந்திலோ, 1839இல் ஆக்ஸ்ஃபோர்டில் விவசாயச் சங்கத்தின் முதற் கண்காட்சி நடந்தது. அத்தகைய கண்காட்சிகளுக்கு ஆட்டைக் குளிப்பாட்டி, கத்தரியால் உருவம் திருத்துவர். நடுவரோ கண்ணை மட்டும் நம்பார். கம்பளிக்குள் விரல் நுழைத்து முதுகையும் விலாவையும் தடவுவார். பல் பார்த்து வயதறிவார். நிலையான முன்பற்கள் 8உம் முளைத்திருப்பின் ஏறக்குறைய 4 வயது.

நம் செம்மறிக்குக் கத்தரி உதவாது. குளம்பைச் சீவலாம், மயிரைத் துலக்கலாம், கயிற்றுக்கு அமைந்து நிற்கப் பழக்கலாம். மற்றதெல்லாம் மாதக்கணக்கில் இட்ட தீனியும் நல்ல கிடாயின் வழியுமே. பிறவினங்களோடு கலந்துவரும் இந்நாளில், தூய கிடாயைப் பட்டியில் காப்பவரே முதற் பரிசுக்குரியவர்.