பாறைக்கு முன்னால் நிற்கும் மீன்

பென்சில்வேனியாவில் பெல்ஃபாண்ட் ஊரை ஒட்டி ஓடுகிறது ஸ்பிரிங் கிரீக். அங்கே தூண்டில் போட வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன ஃப்ளை கட்டியிருக்கீங்க?" என்பதுதான். பூச்சி போலக் கட்டிய செயற்கை இரைதான் ஃப்ளை. மீன் எங்கே நிற்கும் என்று கேட்பவர் அபூர்வம். எனக்கு அதுதான் பெரிய கேள்வி. நிற்கும் இடம் தெரிந்துவிட்டால் சுமாரான ஃப்ளைக்கும் மீன் வாய் திறக்கும்.

நான் சொல்லும் மீன் பிரவுன் ட்ரவுட். அது ஐரோப்பிய மீன். 1880களில் முட்டையாக அமெரிக்காவுக்கு வந்தது. இங்குள்ள சுண்ணாம்புப் பாறை ஊற்றுகள் அதற்கு நன்றாகவே ஒத்துக்கொண்டன. கோடையானாலும் பனிக்காலமானாலும் ஊற்றுத் தண்ணீர் சுமார் 10 டிகிரி செல்சியஸில் வருகிறது. கொடிப்பாசியும் அதில் ஒண்டும் பூச்சிகளும் செழிக்கின்றன.

இரையைக் கொண்டுவருவது தண்ணீரின் இழுப்பு. ஆனால் இழுப்பிலேயே நின்றால், தின்றதெல்லாம் நீந்தியே தீர்ந்துவிடும். அதனால் ட்ரவுட் வேகமான தண்ணீரை ஒட்டிய மெதுவான தண்ணீரில் நிற்கும். பக்கத்து ஸ்புரூஸ் கிரீக்கில் ராபர்ட் பாக்மன் என்ற ஆய்வாளர் மூன்று ஆண்டுகள், வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை, விடியுமுன்பே வந்து இருட்டும்வரை இருந்து காட்டு ட்ரவுட்களைக் கவனித்தார். 1984இல் வெளியான அவருடைய கட்டுரையை இன்னும் எடுத்துப் படிக்கிறேன். ஒரு மீன் புழங்கும் பரப்பு சராசரியாக 15 சதுர மீட்டர் சொச்சம்தான். அதற்குள் அது இரைக்காகக் காத்திருக்கும் இடங்கள் வருடம் மாறினாலும் மாறவில்லை. பெரும்பாலும் பாறைக்கு முன்னால், அல்லது மூழ்கிய பாறையின் சரிந்த பின்பக்கத்தின் மேல்.

பாறைக்குப் பின்னால் போடு என்றுதான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முன்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. ஓடிவரும் தண்ணீர் கல்லில் மோதுவதற்குச் சற்று முன் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தில் மீன் நிற்கிறது. மே மாதத்தில் ஒரு மாலை, அம்மிக்கல் அளவுள்ள ஒரு கல்லுக்கு முன்னால் நின்ற மீனைக் கரையில் குந்தியபடி வெகுநேரம் பார்த்தேன். பக்கத் துடுப்புகள் விரிந்திருந்தன, வால்நுனி மட்டும் லேசாக அசைந்தது. மேஃப்ளைப் புழு மிதந்து வந்தால் ஒரு சாண் எழும்பும், வாயின் உள்வெள்ளை ஒரு கணம் தெரியும், மறுபடி அதே இடத்தில் வந்து அமரும். ஒரு முழம் தள்ளிப் போன புழுவை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதைப் பார்த்த பிறகு நான் தூண்டிலை நீட்டி வீசுவதைக் குறைத்துக்கொண்டேன். எனக்கும் மீனுக்கும் நடுவில் மூன்று வேகத்தில் தண்ணீர் ஓடினால், கயிறு வளைந்து ஃப்ளையை இழுத்துவிடும். இயல்புக்கு மாறாக நகரும் பூச்சியை அந்த மீன் தொடாது. நாலடி நடந்து சரியான பக்கம் போய் நிற்பதே மேல்.

பாறையை ஒட்டிய இந்த இடமெல்லாம் நடுத்தர மீனுக்கும் பகல் பொழுதுக்கும்தான். குஞ்சுகள் கரையோரம் கணுக்கால் ஆழத்தில் இருக்கும். பெரியது பகலில் விழுந்த மரத்தடியிலோ கரையின் குடைவிலோ ஒடுங்கிக் கிடந்து, இருட்டியதும் சிறுமீனும் கிரேஃபிஷும் தேடிப் புறப்படும். மிச்சிகனின் ஔசேபிள் ஆற்றில் ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்த பெரிய ட்ரவுட்கள் கிலோமீட்டர் கணக்கில் இடம்பெயர்ந்தன. இங்கே பென்ஸ் கிரீக்கில் ஜூலை வெயில் ஏறினால், மீன்கள் குளிர்ந்த ஊற்றுகள் கலக்கும் இடங்களில் வந்து கூடுகின்றன. அப்போது அங்கே தூண்டில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. உயிர் பிழைக்க வந்த மீன் அது. சூடான தண்ணீரில் போராடிக் களைத்தால், விட்டாலும் பிழைப்பது கடினம். இலையுதிர்காலத்தில் முட்டையிடும் வயதுள்ளவை சரளைக்கல் தேடிப் போகும். பெட்டை வாலால் அடித்துக் கிளறிய சரளை பாசி நீங்கி வெளுத்துத் தெரியும். அந்த வெளுப்பு கண்ணில் பட்டால் நான் ஆற்றில் கால் வைப்பதில்லை.

பாக்மன் பண்ணையில் வளர்ந்த மீன்களையும் கவனித்தார். அவை அதிகம் அலைந்தன, குறைவாகத் தின்றன. தண்ணீர் தயங்கும் இடங்களைச் சரியாகப் பயன்படுத்தவும் அவற்றுக்குத் தெரியவில்லை. ஸ்பிரிங் கிரீக்கில் ரசாயனக் கழிவு கலந்ததால், பிடித்த மீனை எடுத்துப் போகக் கூடாது என்று 1980களின் தொடக்கத்தில் விதி வந்தது; பண்ணை மீன் விடுவதும் நின்றது. ஒரு கேட்டினால் வந்த விதி அது. ஆனால் இன்று அந்த ஆறு காட்டு ட்ரவுட்டால் நிறைந்திருக்கிறது. மீனை வாங்கி விடச் செலவழிக்கும் பணத்தைக் கரையோர மரங்களுக்குச் செலவழியுங்கள் என்று தூண்டில்காரர்களாகிய எங்கள் கூட்டங்களில் ஓயாமல் சொல்லி வருகிறேன். வெள்ளத்தில் ஒரு சைக்கமோர் மரம் ஆற்றின் குறுக்கே சாய்ந்தால், நிலக்காரர் ரம்பத்தோடு வந்துவிடுகிறார். வீட்டுக்கோ பாலத்துக்கோ ஆபத்தில்லை என்றால் அது அப்படியே கிடக்கட்டும் என்று அவரிடம் பேசிப் பார்ப்பேன். அந்த மரத்தடியில் என்ன நிற்கிறது என்று காட்டினால், பலர் ரம்பத்தைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.