வெயில் காய்ச்சும் பள்ளிக்கூடம்

லடாக்கின் முக்கிய நகரமான லே, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 4 அங்குலந்தான். தை மாதத்து இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரி வரை குளிர் இறங்குவதுண்டு. ஆயினும் பகலில் வானம் தெளிந்து வெயில் சுள்ளென்று அடிக்கும். நிழலில் நடுக்கம், நாலடி தள்ளி வெயிலில் இதம்! இது அவ்வூரின் விசித்திரம்.

மரம் அரிதான அந்நாட்டில், ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வறட்டி எரித்தே குளிர் காய்ந்தார்கள். வயலுக்கு எருவாக வேண்டியது அடுப்பில் சாம்பலாயிற்று. பின்னர் மண்ணெண்ணெயும் நிலக்கரியும் லாரியில் மலையேறி வந்தன. பள்ளிக்கூடங்களோ குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாதம் மூடிக் கிடக்கின்றன. உபாத்தியாயனான என் மனத்தை மிகவும் உறுத்தியது இதுவே.

லேயிலிருந்து சிந்து நதியை ஒட்டிச் சுமார் 18 கிலோமீட்டர் சென்றால் ஃபே கிராமம் வரும். அதனருகே, சோனம் வாங்சுக் முதலிய இளைஞர்கள் 1988-ல் தொடங்கிய 'செக்மால்' என்னும் கல்வி ஸ்தாபனம் இருக்கிறது. அதன் பிரதான கட்டடத்துக்கு இடித்து இறுக்கிய மண்ணே சுவர். பெரிய ஜன்னல்களெல்லாம் தெற்கு நோக்கியவை. குளிர்காலச் சூரியன் தென்வானில் தாழ்ந்து செல்வதால், கிரணங்கள் அறைக்குள் ஆழமாக நுழைகின்றன. கனத்த சுவரும் தரையும் அந்த உஷ்ணத்தைப் பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் மெல்ல மெல்லத் திருப்பித் தருகின்றன. தென்புறத்தில் பிளாஸ்டிக் விரிப்புக் கட்டி அதற்குள் கீரை வளர்க்கிறார்கள். அங்கே சூடாகும் காற்றும் அறைகளுக்கு வருகிறது. வெளியே நீர் உறைந்து கிடக்கையில், உள்ளே கணப்பு இல்லாமலே மாணவர்கள் படிக்கிறார்கள்! கோடையில் விரிப்பைச் சுருட்டிவிடுவார்கள். அப்போது சூரியன் உச்சியில் செல்வதால் வெயில் அதிகம் உட்புகாது. மண்சுவரே குளிர்ச்சி தரும்.

ஷே கிராமத்துப் பள்ளி விடுதியில் வேறோர் உபாயம்: கனத்த சுவருக்கு முன்னே கண்ணாடி. 1967-ல் பிரெஞ்சு தேசத்து ஓதேயோ என்ற மலையூரில் இம்முறையில் வீடு கட்டிய விஞ்ஞானி ஃபெலிக்ஸ் துரோம்பின் பெயராலேயே இச்சுவர் வழங்குகிறது.

இவற்றில் மாயம் ஒன்றுமில்லை. மண் அவ்வூர் மண்; வெயில் அவ்வூர் வெயில். ஆனால், எழும்பி நின்ற வீட்டைத் தெற்கே திருப்ப முடியாது. அஸ்திவாரம் தோண்டும் நாளிலேயே சூரியனை நினைக்க வேண்டும். லேயில் சிமெண்ட் மாடிகள் பெருகிவரும் இக்காலத்தில், கட்டுகிறவர்கள் ஒரு நாழிகை இதைச் சிந்தித்தால், எண்ணெய்ச் செலவு குறையும், புகை குறையும், தை மாதத்திலும் பள்ளிக்கூட மணி அடிக்கும்.