பனிக்கட்டித் தண்ணீர் இலவசம்

சாலையோர உணவகம் ஒன்றே ஓர் ஊரின் முகவரியாகிவிடுவதுண்டு. அமெரிக்காவின் தென் டகோடா மாநிலத்திலுள்ள 'வால்' என்னும் சிற்றூர் அத்தகையது. மழையும் காற்றும் அரித்த பொட்டல் மேடுகளை அடுத்திருக்கும் ஊர் அது. பொருளாதார வீழ்ச்சி அந்நாட்டை வாட்டிய 1931-ஆம் ஆண்டில், டெட் ஹஸ்டெட் என்னும் இளம் மருந்தாளரும் அவர் மனைவி டோரதியும் அங்கே ஒரு மருந்துக் கடையை விலைக்கு வாங்கினர். அவர்கள் ஊர் தேடிய முறைதான் நம்மை வியக்கவைக்கிறது. வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று மட்டும் அவர்கள் பார்க்கவில்லை; நாள்தோறும் திருப்பலி காணக் கத்தோலிக்க ஆலயம் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள்.

கையிலிருந்த பணத்தைப் போட்டாயிற்று. ஐந்தாண்டு பொறுத்துப் பார்ப்போம் என்று இருவரும் தமக்குத் தாமே கெடு வைத்துக்கொண்டனர். கெடு முடியும் தறுவாயிலும் கடையில் ஈ ஆடவில்லை. 1936 ஜூலையில் ஒரு ஞாயிறு, கடும் வெயில். டோரதி சற்றே கண்ணயர முயன்றார். நெடுஞ்சாலைக் கார்களின் இரைச்சல் விடவில்லை. நாமாயிருந்தால் சன்னலைச் சாத்தியிருப்போம். அவரோ அக்கார்களில் போவோரின் நாவறட்சியை எண்ணினார். நம்மிடம் பனிக்கட்டியும் தண்ணீரும் ஏராளமாய் இருக்கின்றனவே, இலவசமாய்த் தருகிறோம் என்று வழிநெடுக எழுதிவைத்தால் என்ன என்று கணவரிடம் கேட்டார்.

பலகைகளை நட்டுவிட்டு டெட் திரும்புவதற்குள் கடையில் ஆட்கள் வந்துவிட்டனராம்! அடுத்த கோடையில் உதவிக்கு எட்டுப் பெண்களை அமர்த்த வேண்டியதாயிற்று.

இது தண்ணீர்ப் பந்தலா, வணிகத் தந்திரமா? இரண்டும்தான். தண்ணீர் குடித்தவர் காப்பியும் வாங்குவார் என்பதை டெட் அறியாதவரல்லர். ஆனால் எதுவும் வாங்காதவருக்கும் குவளை மறுக்கப்படவில்லை. நம் கணக்கில் அது சிறிய செய்தியன்று.

இன்று அங்கே 500-க்கும் மேற்பட்டோர் அமர்ந்துண்ணும் உணவுக்கூடம் இருக்கிறது. நெடுஞ்சாலையருகே 80 அடி டைனோசர். கடைக்குள் கொம்பு முளைத்த முயலின் பெரிய உருவம். இவையெல்லாம் வேடிக்கைதான், சற்று அளவு மீறிய வேடிக்கை என்றே நமக்குத் தோன்றுகிறது. இரண்டாம் உலகப்போரில் தொலைதேசம் சென்ற படைவீரர்கள்கூட, வால் கடைக்கு இத்தனை மைல் என்று பலகை நட்டார்கள். டோரதி 1995-லும் டெட் 1999-லும் மறைந்தனர். தண்ணீர் இன்றும் இலவசம். காப்பி ஐந்து சென்ட்.

உணவுக்கூடமும் கடைகளும் நிறைந்த அந்த வளாகத்துக்குள்ளேயே, பயணிகளுக்கென ஒரு சிற்றாலயமும் இருக்கிறது. அங்கும் கட்டணமில்லை.