பப்ஸுக்குள் வந்த மஞ்சள் கட்டி

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் எந்தப் பேக்கரிக்குள் நுழைந்தாலும் பன் பட்டர் ஜாம் உண்டு, பட்டர் பிஸ்கட் உண்டு, பட்டர் கேக் உண்டு. ஆனால் பின்கட்டில், மாஸ்டர் மாவு பிசையும் மேசைக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் பதினைந்து கிலோ அட்டைப்பெட்டி. உள்ளே பாலித்தீன் சுற்றிய மஞ்சள் கட்டி. அது வெண்ணெய் இல்லை, மார்ஜரின்.

என் மகள் வீட்டிலேயே கேக் செய்யப் பழகியபோது ஒருநாள் கேட்டாள்: "ரெசிபில பட்டர், இல்லன்னா மார்ஜரின்னு போட்டிருக்குப்பா. ரெண்டும் ஒண்ணா?" இரண்டும் ஒன்றல்ல என்று அவளிடம் சொல்லிவிட்டேன். பிறகு அந்தக் கட்டி எங்கிருந்து கிளம்பி எங்கள் ஊரான வேப்பந்தட்டைக்கு வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் போனது எங்கள் ஊர் பேக்கரி மாஸ்டரிடம். பப்ஸ் போடுகிற நேரம். மைதா மாவைப் பலகை அளவுக்குத் தேய்த்து, அதன் மேல் மார்ஜரினை விரலால் அழுத்தி அழுத்திப் பரப்பினார். மூன்றாக மடித்தார். மறுபடி தேய்த்தார், மறுபடி மடித்தார். மாவுக்கும் மாவுக்கும் நடுவே கொழுப்பு தனி ஏடாக நிற்க வேண்டும். அடுப்புக்குள் போனதும் நீர் ஆவியாகி ஏடுகளைத் தூக்கிவிடும். பப்ஸ் பொரபொரவென்று எழும்புவது அதனால்தான். "இதையே பட்டர்ல செய்ய முடியாதா?" என்று கேட்டேன்.

"ஏசி ரூம் இருந்தா செய்யலாம்ணே. சித்திரை வெயில்ல மடிக்கிறதுக்குள்ள உருகி மாவோட கலந்துரும். அப்புறம் பப்ஸ் எங்க எழும்பும்? பிஸ்கட் மாதிரி படுத்துக்கும்."

அவர் சொன்னது சரி. வெண்ணெய் ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். எங்கள் ஊரில் கோடைப் பகல் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பப்ஸுக்கென்று செய்யும் மார்ஜரினை அந்தச் சூட்டுக்கும் அசையாதபடி தயாரிக்கிறார்கள். நம் வாயின் சூட்டிலும் அது முழுதாக உருகுவதில்லை. பப்ஸ் தின்ற பிறகு மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒரு படலம் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான்.

மாஸ்டருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் காலத்தில் மார்ஜரின் இல்லை, டால்டாதான்: தாவர எண்ணெயை இறுக்கிச் செய்த வனஸ்பதி. பனைமரம் போட்ட மஞ்சள் டின் எங்கள் பக்கத்து வீடுகளில் அரிசி அளக்கவும் துளசி வளர்க்கவும் பயன்பட்டதை ஐம்பது வயதைத் தாண்டிய எவரும் சொல்வார். அந்த டின்னைப் பின்தொடர்ந்தால் நாம் முதலில் போய்ச் சேரும் இடம் திருச்சி. பம்பாய் சேவ்ரியில் 1932இல் வனஸ்பதி உற்பத்தியைத் தொடங்கிய லீவர் குழுமத்தின் ஹிந்துஸ்தான் வனஸ்பதி கம்பெனி, 1951இல் ஷாம்நகர், காசியாபாத் ஆலைகளோடு திருச்சி வனஸ்பதி ஆலையையும் வாங்கியது. 1995 வரை பெரம்பலூரும் வேப்பந்தட்டையும் திருச்சி மாவட்டத்துக்குள்தான் இருந்தன. நம் மாவட்டத்துக்குள்ளேயே எண்ணெய் கட்டியாகிக்கொண்டிருந்தது.

எண்ணெயைக் கட்டியாக்கும் வித்தை ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மனுடையது. சூடான எண்ணெய்க்குள் நிக்கல் தூளைப் போட்டு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் எண்ணெய் இறுகும் என்று காட்டி, 1902இல் காப்புரிமை பெற்றார். அந்நாளைய இந்திய வனஸ்பதி பெரும்பாலும் கடலையெண்ணெயிலிருந்து வந்தது. இன்றைய பேக்கரிக் கொழுப்புகளில் பெரும்பங்கு இந்தோனேசிய, மலேசியப் பனை எண்ணெய்.

மார்ஜரின் அதற்கும் மூத்தது. பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் படைவீரர்களுக்கும் ஏழைகளுக்கும் கட்டுப்படியாகும் மாற்று வெண்ணெய் ஒன்று வேண்டும் என்று பரிசு அறிவிக்க, 1869இல் இப்போலித் மேஜ்-மூரியே மாட்டுக் கொழுப்பையும் ஆடை நீக்கிய பாலையும் சேர்த்து ஒன்றைச் செய்து காட்டினார். 1871இல் அந்த உரிமை ஹாலந்து வெண்ணெய் வியாபாரிகளான யூர்கன்ஸ் குடும்பத்தின் கைக்குப் போனது. யூர்கன்ஸும் அவர்களுடைய போட்டியாளர்களான வான் டென் பெர்க் குடும்பமும் 1927இல் ஒன்றாகி, பிறகு இங்கிலாந்தின் லீவர் பிரதர்ஸோடு சேர்ந்ததில் பிறந்ததுதான் யூனிலீவர். அந்தக் குழுமத்தின் டால்டா 1937இல் வந்தது. பாரிஸில் தொடங்கிய சரடு திருச்சி வழியாக எங்கள் ஊர் பேக்கரி மேசைக்கு அடியில் வந்து முடிகிறது.

இந்தத் தேடலில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது வேறொன்று: பருத்திக்கொட்டை. வேப்பந்தட்டை பருத்தி ஊர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் பஞ்சு பிரித்தபின் மிஞ்சிய கொட்டையை என்ன செய்வது என்ற கேள்விக்கு, பிராக்டர் அண்ட் கேம்பிள் 1911இல் பதில் கண்டது. பருத்திக்கொட்டை எண்ணெயை நார்மன் முறையில் இறுக்கி, கிரிஸ்கோ என்ற பெயரில் சமையல் கொழுப்பாக விற்றது.

நம் ஊரில் அதே கொட்டை மாட்டுக்குப் போனது. என் அப்பாயி பருத்திக்கொட்டையை இரவே ஊறவைத்து, விடிகாலையில் ஆட்டுரலில் ஆட்டிக் கறவை மாட்டுக்கு வைப்பார். கொட்டை தின்ற மாட்டின் தயிரைச் சிலுப்பினால் வெண்ணெய் சீக்கிரம் இளகாது, உருட்டினால் உருண்டையாக நிற்கும் என்பார். அதைக் கிழவியின் நம்பிக்கை என்று தள்ள முடியாது. பருத்திக்கொட்டை தீவனம் வெண்ணெயை இறுக்கமாக்கும், உருகுநிலையைச் சற்று உயர்த்தும் என்பது பால் அறிவியலில் நிலைபெற்ற செய்தி. நெய்யின் தரத்தைக் கணிக்கும் ரெய்ஷர்ட்-மைசல் மதிப்பை, நம் உணவுக் கலப்படத் தடை விதிகள் சில மாநிலங்களின் பருத்திப் பிரதேசங்களுக்கு 21 என்று குறைத்தே வைத்திருந்தன. மாடு தின்னும் தீவனம் நெய்யின் இயல்பையே மாற்றுகிறது என்பதைச் சட்டமும் ஒப்புக்கொண்டிருந்தது. அமெரிக்கர்கள் ஆலை கட்டி, நிக்கலும் ஹைட்ரஜனும் கொண்டு செய்ததில் ஒரு பங்கை எங்கள் ஊர் மாடு வயிற்றுக்குள்ளேயே செய்திருக்கிறது.

விலை குறைந்த கொழுப்பு வந்ததும் கலப்படமும் வந்தது. அமெரிக்காவின் சில மாநிலங்கள் மார்ஜரினை இளஞ்சிவப்புச் சாயம் போட்டே விற்க வேண்டும் என்று சட்டம் போட்டன. 1898இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மஞ்சள் மார்ஜரினுக்கு விஸ்கான்சின் மாநிலத்தில் இருந்த தடை 1967இல்தான் நீங்கியது. இங்கே காந்தி வனஸ்பதியை எதிர்த்தார். விடுதலைக்குப் பின் தடைக் கோரிக்கை பார்லிமென்ட் வரை போயும் தடை வரவில்லை. அதற்குப் பதில் நம் விதிகள் செய்தது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு: வனஸ்பதியிலும் மார்ஜரினிலும் நல்லெண்ணெய் கட்டாயம் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். காரணம், எள்ளுக்குள் இருக்கும் ஒரு பொருள் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் பட்டால் செக்கச் சிவந்துவிடும். நெய்யில் வனஸ்பதி கலந்திருந்தால் சோதனைக் குழாயில் அந்தச் சிவப்பு காட்டிக்கொடுத்துவிடும். போடுவான் சோதனை என்பது இதன் பெயர். நம் மானாவாரிக் காட்டு எள், கொழுப்புக்குள் உட்கார்ந்து சாட்சி சொல்லியிருக்கிறது.

உடல்நலத்தைப் பொறுத்தவரை நீண்ட காலம் டாக்டர்கள் வெண்ணெயைத்தான் குற்றவாளி என்று கைகாட்டினார்கள். மார்ஜரின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு உலகமெங்கும் இருந்தது. 1990இல் நெதர்லாந்தின் மென்சிங்க், காட்டன் இருவரும் வெளியிட்ட ஆய்வு அதைப் புரட்டியது. எண்ணெயைப் பாதி இறுக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி, நல்லதை இறக்குகிறது என்று அது காட்டியது. டென்மார்க் 2003இல் முதலில் வரம்பு கட்டியது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் அளவை 2021இல் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரி முதல் 2 சதவீதமாகவும் கட்டுப்படுத்தியது. ஆகவே இன்று விதிப்படி தயாராகும் மார்ஜரின் பழைய டால்டா இல்லை. ஆனாலும் அறைச் சூட்டில் கட்டியாக நிற்கும் எந்தக் கொழுப்பிலும் நிறைவுற்ற கொழுப்பு கணிசமாக இருக்கும். வெண்ணெய்க்கும் அது பொருந்தும்.

மகளுக்கு நான் சொன்ன முடிவு இதுதான். ரொட்டிக்கும் சாண்ட்விச்சுக்கும் வெண்ணெய்தான், கொஞ்சமாக. அங்கே கொழுப்பு நேராக நாக்கில் படுகிறது. வாயில் உருகும் மணத்துக்கு மாற்று கிடையாது. காய் வைத்த சாண்ட்விச்சில் தடவினால் தக்காளியின் நீர் ரொட்டிக்குள் இறங்காமலும் காக்கும். கேக்குக்கும் வெண்ணெய் போடு. ஆனால் உப்பு வெண்ணெயில் 3 சதவீதம் வரை உப்பு இருக்கலாம் என்பதால் மாவில் தனியாக உப்பு சேர்க்காதே. சர்க்கரையோடு அடிப்பதை விடிகாலையில் வைத்துக்கொள்; மதியத்தில் எங்கள் ஊர் வெண்ணெய் காற்றைப் பிடித்துக்கொள்ளாமல் குழைந்துவிடும். மார்ஜரின் போட நேர்ந்தால் அளவை மாற்ற வேண்டாம், இரண்டிலும் கொழுப்பு ஏறக்குறைய 80 சதவீதம். ஆனால் டப்பாவில் வரும் ‘ஃபேட் ஸ்ப்ரெட்’ வேறு. அதில் கொழுப்பு 40 சதவீதம் வரை இறங்கலாம், மீதியில் பெரும்பாகம் தண்ணீர். அதை நம்பிக் கேக் போட்டால் கேக் எழும்பாது.

பப்ஸுக்கு மார்ஜரின் போடும் மாஸ்டரை நான் குறைசொல்ல மாட்டேன். வெயில் அவரிடம் வேறு வழியை விட்டுவைக்கவில்லை. பேக்கரி நடத்துபவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். போடுவது மார்ஜரின் என்றால் விலைப்பலகையில் மார்ஜரின் என்றே எழுதுங்கள். பட்டர் என்று எழுதினால், கொட்டை தின்ற மாட்டு வெண்ணெயாக இல்லாவிட்டாலும், பாலிலிருந்து வந்த வெண்ணெயைப் போடுங்கள். வாங்குகிறவர்களும் பன் கைக்கு வருவதற்கு முன்பு கேளுங்கள்: "இது எந்த பட்டர்ணே?"