டிக்கிக் கதவு இல்லாத கார்

1958 மே மாதம் வெளிவந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் காருக்கு டிக்கி உண்டு. அதைத் திறக்கக் கதவு கிடையாது. பின்பக்கம் முழுக்க வழுவழுவென்று தகடுதான். சாமான் வைக்க வேண்டுமென்றால் காருக்குள் ஏறி, இருக்கையின் முதுகை முன்னால் சாய்த்து, பின்னால் இருக்கும் இருட்டுக்குள் கையை விட வேண்டும். ஸ்டெப்னிகூட அந்த வழியாகத்தான் வெளியே வரும். பானெட்டின் மேல் துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டு விளக்குகளை வைத்து இங்கிலாந்தில் இதைத் தவளைக்கண் என்பார்கள். இரண்டு பேருக்கான கூடாரம், படுக்கை, அடுப்பு, சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் இதில் அடைத்துக்கொண்டு லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். "பெரிய கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தால் என்ன?" என்று கேட்காத நண்பர்கள் குறைவு. எனக்கு அந்த யோசனை வந்ததே இல்லை.

கதவு வைக்காததற்குக் காரணம் உண்டு. இந்தக் காரை உருவாக்கிய டொனால்ட் ஹீலி போட்ட கணக்கு, சைக்கிள் கொட்டகையில்கூட நிறுத்திவைக்கக்கூடிய மலிவான ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்வார்கள். வரியோடு சேர்த்து விலை 669 பவுண்டு. எஞ்சின் 948 சிசி. ஆஸ்டின் குடும்பக் காரில் ஓடிக்கொண்டிருந்த அதே எஞ்சின். சட்டமும் உடலும் தனித்தனியாக இல்லாமல் தகடுகளே சேர்ந்து பாரம் தாங்கும் கட்டுமானம். பின்பக்கத் தகட்டில் பெரிய வாய் வெட்டினால் உறுதி குறையும், அதை ஈடுகட்டச் செலவு கூடும். ஆகவே வெட்டவில்லை. கதவில் இறக்கி ஏற்றும் கண்ணாடியும் கிடையாது. அதனால் கதவுகளுக்குள் ஆழமான வெற்றிடம் கிடைத்தது. கூடாரம் தூக்கிப் போகிறவனுக்கு அதைவிட நல்ல வரம் எதுவும் இல்லை.

கூடாரத்தை அதன் பையோடு வைத்தால் ஏறாது. பையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கம்பிகள் இருக்கைக்குப் பின்னால் குறுக்கே படுக்கும். முளைகள் இடது கதவுக்குள், தண்ணீர்ப் புட்டிகளும் நிலப்படமும் வலது கதவுக்குள். டிக்கியின் வால்பகுதி வளைந்து குறுகிப் போகிறது. அங்கே மூலையுள்ள எதுவும் பொருந்தாது. ஸ்லீப்பிங் பேக்குகளை இறுக்கிக் கட்டாமல் தண்ணீர் புகாத உறையில் தளர்வாகப் போட்டுத் தள்ளினால் அவை தாமாகவே அந்த வளைவை நிரப்பிக்கொள்ளும். இறுக்கிக் கட்டிய உருளை ஒன்று தன்னைச் சுற்றி எத்தனை இடத்தை வீணாக்குகிறது என்பது இந்தக் காரில்தான் கண்ணுக்குத் தெரியும். அடுத்தது துணிமணி. அதற்கு முன்னால் டிராங்கியா. ஸ்வீடனில் செய்யும் இந்த ஸ்பிரிட் அடுப்பில் பாத்திரம், கெட்டில், காற்றுத் தடுப்பு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடும். நடுவே மிஞ்சும் குழியில், கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து வறுத்த ரவை ஒரு பொட்டலம். கொதிக்கிற தண்ணீர் மட்டும் இருந்தால் மலையடிவாரத்தில் உப்புமா.

பரணில் சாமான் ஏற்றுவது மாதிரிதான் இது. ஒருவர் உள்ளே இருக்க வேண்டும், ஒருவர் எடுத்துத் தர வேண்டும். "நீங்க எடுத்துக் குடுங்க, நான் உள்ள போறேன்" என்று மனைவி இருக்கையில் முழங்காலிட்டு, தோள்வரை டிக்கிக்குள் போய்விடுவாள். எந்தப் பொருள் எந்தப் பக்கம் என்று அவள் கைக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக, ஒரு தார்ப்பாய். வழியில் டயர் பஞ்சரானால் ஸ்டெப்னியை எடுப்பதற்கு முன் அத்தனை சாமானும் ஈரப் புல்லில் இறங்கியாக வேண்டும். அவற்றைப் பரப்பத் தார்ப்பாய்தான் முதலில் கைக்கு அகப்பட வேண்டும்.

இந்தக் கலை காருக்கும் முந்தையது. தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்ற லண்டன் தையற்காரர், சைக்கிளில் கொண்டுபோகும்படி எடை குறைந்த கூடாரங்களைத் தாமே வடிவமைத்தார். ஒன்பது வயதில், 1853-இல், வண்டித் தொடர் ஒன்றோடு அமெரிக்கப் புல்வெளிகளைக் கடந்தவர் அவர். 1901-இல் வான்டேஜ் என்ற சிற்றூரில் சைக்கிளோட்டிகள் சிலர் கூடித் தங்கியதுதான் அவர் தொடங்கிய சங்கத்தின் முதல் முகாம். இன்றைய கேம்பிங் அண்ட் காரவானிங் கிளப்பின் வேர் அது. வான்டேஜிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் ஆபிங்டன். அங்கிருந்த எம்.ஜி. தொழிற்சாலையில்தான் தவளைக்கண் ஸ்ப்ரைட்டுகள் கோக்கப்பட்டன. இந்த அருகாமை தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அதில் பெரிய சந்தோஷம். துணியைக் கையில் எடுத்தவுடன் எத்தனை கனம் என்று பார்க்கும் தையற்காரரின் பழக்கம் இல்லாவிட்டால், சுகமாக ஊர்சுற்றித் தங்குவதற்குப் பெட்டி பெட்டியாகச் சாமான் வேண்டும் என்றே உலகம் நம்பிக்கொண்டிருக்கும்.

பின்தகட்டின் மேல் குரோமியக் கம்பியில் ஒரு கேரியர் மாட்டிக்கொள்ளலாம். பலர் மாட்டியிருக்கிறார்கள், பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும். நான் வேண்டாம் என்கிறேன். இந்தக் காரின் மொத்த எடையே 700 கிலோவுக்குக் குறைவு. பெட்ரோல் டேங்க் டிக்கித் தரைக்கு அடியில் தொங்குகிறது. பின்புறப் பட்டை ஸ்பிரிங்குகள் முழு வளைவு அல்ல, கால் வளைவு. ஒரு முனையை மட்டும் உடலில் பிடித்து மறுமுனையில் அச்சைச் சுமப்பவை. அச்சுக்கும் பின்னால், அதுவும் உயரத்தில், மூட்டையை ஏற்றினால் முன்சக்கரங்கள் இலேசாகிவிடும். ஸ்டீயரிங்கைச் சற்றே அசைத்தாலும் திரும்பும் கார், சொன்ன பேச்சைக் கேட்கத் தயங்கும்.

லேக் டிஸ்ட்ரிக்டின் ஹார்ட்நாட் கணவாயில் அந்தத் தயக்கம் கூடாது. லாங்டேலிலிருந்து ரைநோஸ் ஏறி இறங்கி, ஹார்ட்நாட் தாண்டி எஸ்க்டேலுக்கு இறங்கும் பாதையில் சில இடங்களில் சரிவு மூன்றுக்கு ஒன்று. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடி விட்டுவிடும். முதல் கியரில் எஞ்சினே பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். இந்த கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. ஓடும்போது போட்டால் பற்கள் உரசி அலறும். ஆகவே உச்சியில் வண்டியை நிறுத்தி, முதல் கியர் போட்டு, அப்புறம்தான் இறக்கம். கனத்த சாமான் எல்லாம் இருக்கைகளின் முதுகையொட்டித் தாழ்வாகக் கிடந்தால் ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் கார் நம்மோடு சேர்ந்தே திரும்பும். கீழே பழைய ரோமானியக் கோட்டையின் கல்வரிசை தென்படும்போது, காலையில் செலவிட்ட அந்த நேரம் எதற்கு என்று கைகளுக்குத் தெரியும்.

மழைதான் கணக்கை மாற்றும். கூரையாக மாட்டும் ஹூட்டும் அதன் கம்பிகளும் பக்கத்து ஜன்னல் திரைகளும் கழற்றி வைக்கும் வகை; அவற்றுக்கும் இடம் டிக்கிதான். அந்த மலைகளில் மழை சொல்லிவிட்டு வராது. ஆகவே தார்ப்பாய்க்குப் பக்கத்தில், இருக்கைக்குப் பின்னாலேயே அவை இருக்க வேண்டும். திரும்பும்போது சிக்கல் இன்னொன்று: நனைந்த கூடாரம் வந்த இடத்துக்குத் திரும்பப் போகாது. கனமும் பருமனும் கூடியிருக்கும், பக்கத்திலிருக்கும் ஸ்லீப்பிங் பேக்கையும் நனைத்துவிடும். உள்துணியையும் வெளித்துணியையும் பிரித்து, உள்துணியை மட்டும் பழைய இடத்தில் வைப்போம். சொட்டச்சொட்ட இருக்கும் வெளித்துணி ஒரு பிளாஸ்டிக் பையில் மனைவியின் காலடிக்குப் போகும். அவள் கால்களை அதன் மேல் வைத்துக்கொண்டு வருவாள். டடன் பள்ளத்தாக்குப் பக்கம் வெயில் எட்டிப் பார்த்தால், முதலில் தென்படும் கற்சுவரில் அதை விரித்துப் போட்டுவிட்டு, உலரும்வரை இன்னொரு கெட்டில் தண்ணீர் வைப்போம்.